எழுந்திருக்காத ஒருத்தன்

மனசாட்சியைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். உபயோகித்தது குறைவு. வேலூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இங்கிலீஷ் நாடகங்களில் அது அடிக்கடி வரும்; வந்தால் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பேசிவிட்டுத்தான் போகும். பரீட்சைக்காக அதை நெட்டுருப் போட்டோம். பரீட்சை முடிந்த அன்றே பாலாற்று மணலில் கொட்டிவிட்டு வந்தோம். ஆனால் ஆம்பூரில், ஒரு தகரக் கொட்டகையில், பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே கேட்ட ஒரு வசனம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பேசும் படம் வந்து, நாடகக் கம்பெனிகள் மூட்டை கட்டுகிற இந்தக் காலத்திலும் குளிக்கிறபோது அதை உரக்கச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிறவள், வெந்நீர் ஆறுகிறது, ராஜா சீக்கிரம் குளித்துவிட்டு வந்தால் தேவலை என்கிறாள்.

நாடகம் பழைய நாடகம். அண்ணனைக் கொன்றுவிட்டுச் சிங்காதனம் ஏறின ஒரு ராஜா. ஊரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. எல்லோரும் அவனை வாழ்த்துகிறார்கள். அரண்மனையில் எல்லோரும் தூங்கிவிட்டபிறகு அவன் மட்டும் தனியாக மேடையின் முன்னால் வருகிறான். உள்ளே எங்கோ நடுச்சாம மணி அடிக்கிறது. அந்த ஒலி அடங்குகிறவரை பேசாமல் நிற்கிறான். பிறகு, யாரிடமோ கோள் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொல்கிறான்:

"நான் வந்தால் சபையே எழுந்து நிற்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறானே ஒருத்தன், அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்."

அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை; அவர்களுக்கு வேறு நல்ல குணங்கள் இருக்கலாம். நான் அதுவரை படித்த மனசாட்சிகள் எல்லாம் சவுக்கால் அடித்தன, தேளாய்க் கொட்டின, பேயாய் வந்து கழுத்தை நெரித்தன. இந்த மனசாட்சி ஒன்றுமே செய்யவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ராஜா எதிரே போய் நின்றாலும், "ஓ, நீயா" என்கிற பார்வையோடு சரி. கொலைகாரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன வேண்டும்? முதல் நாள் அதைக் கேட்டபோது என் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டியால் கோடு இழுத்தது போல இருந்தது. இரண்டாம் நாளும் போனேன். அதற்கப்புறம் எந்த நாள் போகவில்லை என்று கேட்டால்தான் பதில் சொல்வது சுலபம்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தா. தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்று பெயர். அங்கே கடையும் கிடையாது, கடைக்கு வருகிறவர்களும் கிடையாது, சுண்ணாம்புக் குழிகளும் ஆவாரம்பட்டையும் ஊரைத் தாண்டி அடிக்கிற ஒரு வாசனையும்தான் உண்டு. முதலாளி சாயபு வாசலில் வண்டியை விட்டு இறங்கினால் குமாஸ்தாக்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். நாடகம் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. இந்த மனிதருக்கு உள்ளேயும் ஒருத்தன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பானோ என்று நினைத்தால் அடக்க முடியவில்லை. ஒரு நாள் சாயபு நின்று, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பல்வலி என்றேன். கிராம்பு வைக்கச் சொன்னார். பல்வலிக்காரன் ஏன் சிரிக்கிறான் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஸ்டேஷன் பக்கத்துக் காபி கிளப்பில்தான் ராஜாவை நேரில் பார்த்தேன். பக்கத்து மேஜையில் குட்டையாக, தொந்தியோடு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ராஜா என்று எனக்குத் தெரியாது; கிரீடமும் மீசையும் போய்விட்டால் ராஜாக்களில் பாதிப்பேர் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. நான் பாட்டுக்கு அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரும்பினார்.

"தம்பி, 'எழுந்திருக்க'ங்கிற இடத்துல மூச்சு வாங்காதீங்க. அங்க மூச்சு வாங்கினா அவன் எழுந்துடுவான்."

என் இட்லி நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். அவர் தெற்கத்திக்காரர், சின்ன வயசிலேயே கம்பெனியில் சேர்ந்து, ஈட்டிக்காரனிலிருந்து மெல்ல மெல்ல ராஜா வரைக்கும் ஏறினவர். நான் தினமும் சாயங்காலம் அவரோடு காபி குடித்தேன். அந்த ஒரு வசனத்தைப் பற்றியே பேசினோம். எங்கே நிறுத்துவது, எங்கே கண்ணைத் திருப்புவது, 'ஒருத்தன்' என்கிறபோது விரலை நெஞ்சுக்குக் கொண்டு போகலாமா. கூடாது என்பது அவர் கட்சி. காட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஜனங்களுக்கு என்ன வேலை என்பார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கம்பராமாயணத்துக்கு உரை சொல்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் அவர் காபியை ஊதவும் இல்லை, குடிக்கவும் இல்லை. விஷயத்தை மெதுவாகத்தான் வெளியே எடுத்தேன். கம்பெனியில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். வாலிபன், நல்ல சாரீரம், பாட ஆரம்பித்தால் கொட்டகையே கிறங்கும். அவன் தலையில் கிரீடம் வைத்துவிட வேண்டும் என்று கம்பெனிக்காரருக்கு ஆசை. ஆனால் இத்தனை வருஷத்து மனிதரை உடனே இறக்கவும் கூச்சம். ஆகையால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆம்பூரில் கடைசி ஆட்டம் வியாழக்கிழமை. அன்றைக்கு அந்த நடுச்சாம வசனத்துக்கு 'ஒன்ஸ் மோர்' விழுந்தால் கிரீடம் இவருக்கே. விழாவிட்டால் குடியாத்தம் முகாமிலிருந்து பையன்தான் ராஜா. இவருக்கு அரண்மனை வாசல் காவல்காரன் வேஷம்.

"ராஜா உள்ள வர்றப்போ காவல்காரன் எழுந்து நிக்கணும், தம்பி. நான் எழுந்து நிக்கற ஆளா ஆயிடுவேன்" என்றார். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

ஒன்ஸ் மோர் என்பது என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசும் படத்தில் ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் திரை திரும்பிப் பாடாது. நாடகத்தில் அப்படி இல்லை. ஜனங்கள் ஒன்ஸ் மோர் என்று கூப்பிட்டால் நடிகன் திரும்பச் செய்தே தீரவேண்டும். தூக்கில் தொங்கினவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, பாடிவிட்டு, மறுபடி போய்த் தொங்குவான். பாட்டுக்குத்தான் அது சாதாரணமாக விழும். வெறும் வசனத்துக்கு விழுவது அபூர்வம். வேறு ஊர்களில் அவருக்கு விழுந்திருக்கிறது. ஆம்பூரில் ஏனோ விழவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். நாங்கள் ரசித்தால் தலையை லேசாக ஆட்டுவோம், அதுவும் பக்கத்தில் இருப்பவர் ஆட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு. நாற்காலியில் இருக்கிற பெரிய மனிதர்களுக்கு அந்த இடம் வருகிறபோது தூக்கம் வந்துவிடும். கூப்பிடக் கூடியவர்கள் தரை டிக்கெட்டுக்காரர்கள். அவர்களோ நாளெல்லாம் குழியில் உழைத்த அலுப்பில் நாடகத்துக்கே வருவதில்லை.

எங்கள் மேஸ்திரியிடம் போனேன். குழிகளுக்கெல்லாம் அதிகாரி அவர்தான். ஷாப்பு ஆட்கள் சாயபு பேச்சுக்கு எழுந்து நிற்பார்கள், மேஸ்திரி பேச்சுக்கு ஓடுவார்கள். சாயபு முதலாளியாக இருப்பதால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் சாயங்காலம் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நேரம். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா கணக்குப்பிள்ள, ராஜாக்கே வேலை போவுதா?" என்றார் மேஸ்திரி. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. "அப்போ நம்பள்லாம் எந்த மூலை? வுடு, இட்டாந்துடறேன். நம்ம ஆளுங்க வாயி உனுக்குத் தெரியாதா? குழிக்கு அந்தாண்ட நிக்கிறவனைக் கூப்ட்டா மாதனூர்ல திரும்பிப் பார்ப்பான்."

எந்த இடத்தில் கூப்பிட வேண்டும் என்று ஒரு அடையாளம் கேட்டார். அரண்மனை மணி அடிக்கும், அதற்கப்புறம் ராஜா ஒரு வசனம் சொல்வார், சொல்லி முடித்ததும் கூப்பிட வேண்டியது என்று விளக்கினேன். மணி அடித்ததுமே உஷாராக இருக்கும்படி சொல்லிவைக்கச் சொன்னேன். மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டால் நிற்கத் தெரியாது. கம்பெனியின் மணி விரிசல் விட்டது. அடித்தால் கிணற்றடியில் சொம்பு விழுந்தது போல ஒரு சத்தம் வரும். நடுச்சாமத்தில் கொலைகார ராஜா எதிரே சொம்பு விழுந்தால் என்ன ஆகும்? ராஜா இதைச் சொல்லி எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஷாப்பில் புளியமரத்துக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. காவல்காரன் அதை இரும்புத் தடியால் அடித்தால் கணீர் என்று ஊருக்கே கேட்கும். அதைப்போல ஒரு நடுச்சாம மணி எந்த ராஜாவுக்கும் வாய்க்காது. மேஸ்திரியைக் கேட்டேன். வியாழன் சாயங்காலத்துக்கு மேல் அது சும்மா தொங்குவதுதானே, எடுத்துக்கொண்டு போ என்றார். மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு, மாப்பிள்ளையை அழைத்துப் போகிற மாதிரி அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்தத் தண்டவாளம் ஷாப்பில் எதற்குத் தொங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் அது ஒலித்தால் வேலை முடிந்தது. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நிற்கிறவனும் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டு ஏறிவிடுவான். துண்டை எடுத்து ஒரு உதறு. தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடை. தாமதித்தால் காவல்காரன் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான்; அப்புறம் சுவர் ஏறிக் குதிக்க வேண்டியதுதான். அதனால் வருஷக்கணக்காக அந்த ஒலிக்கும் அவர்கள் கால்களுக்கும் நடுவே மூளை வந்து குறுக்கே நின்றதில்லை.

இதைப் படிக்கிறபோதே வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நான் படித்தவன்.

வியாழக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. மணல் பரப்பின தரையில் எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு, முறுக்கும் வேர்க்கடலையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி நடுவில், கலெக்டர் கச்சேரி மாதிரி. நான் பெஞ்சில். பக்கத்தில் நின்றிருந்த கம்பெனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்தார். பையன் ஒரு சில்லறை வேஷத்தில் வந்து பாடினான், பெஞ்சே தலையாட்டிற்று. நானும் ஆட்டினேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

அந்தக் காட்சி வந்தது. ராஜா தனியாக முன்னால் வந்தார். காஸ் விளக்கின் கீழ் முகத்தில் வேர்வை. ஜனங்கள் கப்பென்று அடங்கினார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் பெஞ்சு வழியாகப் பக்கத்து ஆசாமிக்குக் கேட்டிருக்கும். உள்ளே எங்கள் தண்டவாளத்தில் ஒரு அடி விழுந்தது. கணீர்.

தரை டிக்கெட்டு அத்தனையும் எழுந்து நின்றது.

ஒரே ஆளாக எழுந்தார்கள். அத்தனை துண்டுகளும் ஒரே உதறலில் படபடவென்று அடித்தன. மணலும் கடலைத் தோலும் விளக்கு வரைக்கும் பறந்தன. துண்டு தோளுக்குப் போயிற்று. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தரையில் இருந்தவர்கள் எழுந்ததால் பின்னால் பெஞ்சில் இருந்தவர்களுக்கு மறைத்தது, அவர்களும் எழுந்தார்கள். பெஞ்சு முழுவதும் எழுந்து நிற்பதை நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ துரை வந்துவிட்டார் என்று எண்ணித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவர்களும் அவசரமாக எழுந்தார்கள். சபை முழுவதும் நிற்பதைக் கண்ட ஹார்மோனியக்காரர் நாடகம் முடிந்துவிட்டது, தான்தான் தூங்கிவிட்டோம் என்று பயந்து மங்களத்துக்குச் சுருதி கூட்டினார்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மனசாட்சியால் அல்ல, அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. ஒரு மனிதருடைய கிரீடத்தை மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ராஜா வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். தரையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். ஹார்மோனியத்தைப் பார்த்து ஒரு விரல் தூக்கினார், மங்களம் நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் மேலாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் வந்தால் சபையே எழுந்து நிற்கிறது."

ஒருவரும் அசையவில்லை. வாசலுக்குக் கிளம்பின கால்கள் அப்படியே நின்றன. அவர் மேடையின் விளிம்புவரை வந்தார்.

"உள்ளே உட்கார்ந்திருக்கிறானே ஒருத்தன், அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்."

எழுந்திருக்க என்கிற இடத்தில் மூச்சு வாங்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்த ஒவ்வொருவனும் தான் நிற்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டான். தன்னைத்தான் சொல்கிறார், தனக்குள் இருக்கிறவனைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பட்டிருக்க வேண்டும். பிறகு தரை டிக்கெட்டின் நடுவிலிருந்து மேஸ்திரியின் குரல், தோலைக் கிழிக்கிற கத்தி மாதிரி வந்தது.

"ஒன்ஸ் மோர்!"

தகரக் கூரை அதிர்ந்தது. நாற்காலிக்காரர்கள்கூடக் கத்தினார்கள், எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்ஸ் மோர் என்றால் முறையாகச் செய்ய வேண்டும். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மணியைத் திரும்ப அடி என்றார்கள். கணீர். எழுந்தார்கள், உதறினார்கள். ராஜா சொன்னார். மறுபடியும் ஒன்ஸ் மோர். இப்படி எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்கு நினைவில்லை; நானும் எழுந்து உட்கார்ந்து எழுந்து மேல்துண்டைக் கிழித்துக்கொண்டேன். பின்னால் செத்துப்போக வேண்டிய ராஜா செத்துப்போகவே நேரம் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லையே என்று ஒருவரும் குறைப்படவில்லை.

கம்பெனிக்காரர் கட்டின கையை அவிழ்த்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். தன் ஆயுசில் சபை முழுவதும் ஒரு நடிகனுக்கு எழுந்து நின்று மரியாதை செய்ததைப் பார்த்ததில்லை என்றார். அவர் கண்களில் தண்ணீர். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பல்வலி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி குடியாத்தம் போகிற ரயிலுக்குக் கிளம்பிற்று. கிரீடம் ராஜாவுடைய பெட்டியிலேயே இருந்தது. பையன் ஹார்மோனியத்தைச் சுமந்துகொண்டு போனான். விடுமுறை ஆனதால் மேஸ்திரியும் எங்கள் ஆட்களும் வழியனுப்ப வந்து, பிளாட்பாரத்தில் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தார்கள். அரங்கச் சாமான்களோடு புதிதாக ஒரு தண்டவாளத் துண்டும் ஏறியதைப் பார்த்தேன். கம்பெனிக்காரர் பழைய இரும்புக் கடையில் அவசரமாகத் தேடிப் பிடித்தது. எனக்குத் திக்கென்றது. ராஜா ஜன்னலோரம் உட்கார்ந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குப் போய் இழுத்து இழுத்து ஆரம்பித்தேன்: நேற்று நடந்தது இருக்கிறதே, அந்த மணி எங்கள் ஷாப்பில், ஆட்கள் எல்லாம் அதைக் கேட்டால்...

அவர் என்னைத் தடுத்தார்.

"தம்பி, மரியாதைக்கு எழுந்தவன் துண்டை உதறுவானா?"

அப்படியானால் குடியாத்தத்தில் என்ன செய்வதாக உத்தேசம், அங்கே ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்களே என்று கேட்டேன். அதற்கென்ன, ஆம்பூர்க்காரர்களுக்கு இருக்கிற ரசனை உங்களுக்கு இல்லை என்று அந்த ஊர் ஜனங்களிடம் சொல்லிவிட்டால் போகிறது. கம்பெனிக்காரர் நம்புவார், குடியாத்தத்துக்காரர்களும் ரோஷப்பட்டு எழுந்தாலும் எழுவார்கள் என்றார். சொல்கிறபோது அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளையின் முகம்.

"அப்போ உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்?" என்றேன்.

"உட்கார்ந்துதான் இருக்கான். நேத்து எல்லாரும் எழுந்து நின்னாங்களே, அதையும் உட்கார்ந்தபடியேதான் பார்த்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா சிரிச்சுக்கிட்டே பார்த்தான், தம்பி."

ஸ்டேஷனில் தொங்குகிற தண்டவாளத்தில் போர்ட்டர் ஓங்கி ஒரு அடி அடித்தார். வண்டி புறப்படுகிற மணி. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே ஆளாக எழுந்து நின்று துண்டை உதறினார்கள். எழுந்த பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். ராஜா ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தபடியே, எழுந்திருக்காமல், நின்றவர்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தார். தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தார்.

மேஸ்திரி கையைக் குவித்து வாய்க்குக் கொடுத்து ஒன்ஸ் மோர் என்றார். ரயிலுக்கு அந்த வழக்கம் தெரியாது, போய்விட்டது.